ஆன்லைன்ல முதல் கிளாஸ் எடுக்கப் போறீங்களா? ஆப்பை விடுங்க, முதல்ல ஒரு நோட்டு எடுங்க

எங்க ஊர்ல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல புதுசா சேர்ந்திருக்கற பொண்ணு போன மழை சீசன்ல எனக்கு போன் பண்ணி, "அக்கா, மழை லீவு விட்டாலும் ஆன்லைன்ல கிளாஸ் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, எந்த ஆப் நல்லா இருக்கும், ஜூமா மீட்டா?"ன்னு கேட்டாங்க. புதுசா ஆன்லைனுக்கு வர்ற எல்லாரும் முதல்ல இதைத்தான் கேக்கறாங்க. நானும் 2020 ஜூன்ல இதைத்தான் கேட்டுட்டு அலைஞ்சேன். நான் மாயவரம் பக்கம் ஒரு உதவி பெறும் பள்ளியில ஏழாவது எட்டாவதுக்கு கணக்கு எடுக்கறேன், தமிழ் மீடியம். தமிழ்நாட்டுல ஒன்னாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் இருக்கற புள்ளைங்க 2020 மார்ச்ல வீட்டுக்குப் போனவங்க 2021 நவம்பர் 1 தான் திரும்ப கிளாஸ் ரூமுக்குள்ள வந்தாங்க, அந்த ஒன்றரை வருஷத்துக்கு மேல போன்லயே பாடம் எடுத்து எடுத்து கத்துக்கிட்டதை எல்லாம் அந்தப் பொண்ணுக்கு துண்டு துண்டா சொன்னேன். புதுசா வர்ற மத்தவங்களுக்கும் உதவுமேன்னு இங்க சேத்து எழுதறேன். மழை லீவுக்கு எடுக்கறவங்க, வீட்ல இருந்து ஆன்லைன் டியூஷன் ஆரம்பிக்கறவங்க, பப்ளிக் எக்ஸாம் நேரத்துல ராத்திரி ரிவிஷன் எடுக்கறவங்க, எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: எந்த வீட்ல யார் போன்

ஒரு நீள நோட்டு வாங்கிக்கோங்க. லேப்டாப்ல எக்செல் வேணாம், நோட்டு போதும், ஏன்னா இதை நீங்க போன்ல பேசிக்கிட்டே எழுதப் போறீங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வரி. போன் யாரோடது, அந்த ஆளு எத்தன மணிக்கு வேலைக்குப் போறாங்க எப்ப திரும்புவாங்க, வீட்ல படிக்கற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி யாரு எந்த வகுப்பு, ரீசார்ஜ் தினமும் எவ்வளவு டேட்டா, பகல்ல வீட்ல பெரியவங்க இருப்பாங்களா. அவ்வளவுதான், ஒரு வீட்டுக்கு ரெண்டு மூனு நிமிஷம் பேசினா போதும். கூப்பிட்டவுடனே "உங்க புள்ளைக்கு போன் இருக்கா"ன்னு ஆரம்பிக்காதீங்க, போன் இல்லாத வீட்டுக்கு அது சுருக்குன்னு படும். "பாப்பாவுக்கு எந்த நேரத்துல பாடம் சொல்லிக் குடுத்தா சௌகரியமா இருக்கும்"னு கேளுங்க, மத்ததெல்லாம் அவங்களே சொல்லிடுவாங்க.

இந்த நோட்டு எழுதறதுக்கு முன்னாடி நான் காலைல பத்து மணிக்கு கிளாஸ் வச்சிருந்தேன், ஸ்கூல் டைம்டேபிளே அப்படித்தானே. முதல் வாரம் பாதிப் பேர்தான் வந்தாங்க. வராதவங்கள்ல ஒரு பையன், கிளாஸ்ல இருக்கும்போது கணக்குல அவன்தான் எனக்கு முதல்ல கை தூக்குவான், அவன் வரவே இல்ல. எனக்கு கோவம்தான் வந்துச்சு. போன் பண்ணிப் பாத்தா அவங்க அப்பா லோடு ஆட்டோ ஓட்டறவரு, வீட்ல இருக்கற ஒரே போன் அவரு பாக்கெட்ல, காலைல ஏழு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாரு. அவரு வந்து சாப்பிட்டு முடிக்கற நேரத்துல பையன் போனை வாங்கி குரூப்ல வந்த மெசேஜ் எல்லாத்தையும் மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சிட்டு இருந்திருக்கான். நான் "ஆப்சென்ட்"னு போட்டிருந்தேன், அதையும் படிச்சிருக்கான். அன்னைக்கு அந்த வார்த்தையை குரூப்ல போடறதை நிறுத்தினேன், நீங்களும் போடாதீங்க.

நோட்டு முடிஞ்சா உங்களுக்கே தெரிஞ்சிடும், உங்க கிளாஸ் மூனு கூட்டமா இருக்கும். பகல்லயே போன் கிடைக்கறவங்க, ராத்திரி மட்டும் கிடைக்கறவங்க, கிடைக்கவே கிடைக்காதவங்க. இந்த மூனு பேருக்கும் பாடம் போய்ச் சேரணும், அதுக்கு ஏத்த மாதிரிதான் மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணணும். நல்ல போன் இருக்கற புள்ளைக்கு நீங்க எப்படி எடுத்தாலும் அது பிடிச்சிக்கும். கடைசில இருக்கற புள்ளையை மனசுல வச்சு பாடத்தை கட்டுங்க.

இன்னொன்னு, ஒரே வீட்ல ஏழாவதும் பத்தாவதும் இருந்தா போன் பத்தாவதுக்குத்தான் போகும், அது எந்த வீட்டுலயும் மாறாது. அதனால பத்தாவது எடுக்கற டீச்சர்கிட்ட பேசி உங்க நேரத்தை மாத்திக்கோங்க. ஸ்டாஃப் ரூம்ல அஞ்சு நிமிஷம் பேசினா தீர்ற விஷயம், பேசாம விட்டா ஒரு வருஷம் அந்தப் புள்ளைக்கு பாடம் போயிடும்.

எவ்வளவு நேரம் எடுக்கறது

ஸ்கூல்ல நாப்பது நிமிஷ பீரியட் எட்டு இருக்குன்னு ஆன்லைன்லயும் எட்டு வைக்கற ஸ்கூல் இன்னும் இருக்கு. 2020 ஜூலைல மத்திய கல்வித் துறை பிரக்யாதான்னு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க, அதுல ஒன்னாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு செஷனுக்கு மேல வேணாம், ஒவ்வொன்னும் 30ல இருந்து 45 நிமிஷம், ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் நாலு செஷன்னு தெளிவா இருக்கு. மேனேஜ்மென்ட் கூட பேசும்போது இது கைல இருக்கட்டும், நம்ம சொந்தக் கருத்தா சொல்றதை விட இது எடுபடும்.

என் அனுபவத்துல ஏழாவதுக்கு முப்பது நிமிஷம்தான். அந்த முப்பதுல நீங்க பேசறது பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. கிளாஸ் ரூம்ல ஒரு பீரியட்ல நாலு கணக்கு போட்டா இங்க ரெண்டு போடுங்க. போர்ஷன் முடியாதேன்னு பயமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா நாலு கணக்கு போட்டு புள்ளைக்கு ஒன்னு கூட நோட்டுல ஏறலன்னா அந்த போர்ஷன் முடிஞ்சு யாருக்கு என்ன?

அட்டெண்டன்ஸ் கூப்பிட்டு நேரத்தை தின்னாதீங்க. நாப்பது பேரை பேர் சொல்லி கூப்பிட்டு, மியூட் எடுத்து, "உள்ளேன் டீச்சர்" வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் காலி. போன கிளாஸ்ல இருந்து ஒரு சின்னக் கணக்கு கேளுங்க, விடையை சாட்ல போடச் சொல்லுங்க, அதுதான் அட்டெண்டன்ஸ்.

இப்ப ஆப்

சுருக்கமா சொல்லிடறேன். கூகுள் மீட்டும் ஜூமும் காசு கட்டாம யூஸ் பண்ணா ரெண்டுலயும் 100 பேர் வரைக்கும் சேரலாம். மீட்ல ஒரு மணி நேரம், ஜூம்ல 40 நிமிஷம், அதுக்கு மேல கட் ஆயிடும். முப்பது நிமிஷ கிளாஸுக்கு ரெண்டும் போதும். ஸ்கூல்ல ஏற்கனவே ஏதாவது ஒன்னு காசு கட்டி வச்சிருந்தா அதையே வச்சுக்கோங்க. புள்ளைங்களுக்கு வாரத்துக்கு ஒரு ஆப் மாத்தாதீங்க, அவங்க போன்ல இடமே இருக்காது, ஒவ்வொரு ஆப் போடறதுக்கும் அப்பா அம்மா போட்டோவை அழிக்கணும்.

கூகுள் கிளாஸ்ரூம் நல்லது, ஆனா நம்ம நாட்டுல 13 வயசுக்கு கீழ இருக்கற புள்ளைங்க சொந்தமா கூகுள் அக்கவுண்ட் வச்சுக்க முடியாது, ஸ்கூல் மூலமா அக்கவுண்ட் போட்டுக் குடுத்தா வேற விஷயம். ஏழாவது புள்ளைங்க எல்லாம் அப்பா அம்மா அக்கவுண்ட்லதான் உள்ள வருவாங்க. அதனால முதல் நாள் உங்க ஸ்கிரீன்ல "முருகன் டிராவல்ஸ்", "ஓம் சக்தி", வெறும் புள்ளி, இப்படித்தான் பேருங்க நிக்கும், யாரு உள்ள வர்றாங்கன்னே தெரியாது. முதல் நாளே ஒரு ரூல் போடுங்க. ஜூம்னா உள்ள வர்றப்பவே ரோல் நம்பரும் பேரும் போட்டுட்டு வரணும். மீட்னா பேரை சுலபமா மாத்த முடியாது, அதுக்கு அந்த நீள நோட்டுலயே எந்த அக்கவுண்ட் பேர் எந்தப் புள்ளைன்னு ஒரு கட்டம் சேத்துக்கோங்க. தெரியாத பேரை உள்ள விடாதீங்க, வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டு யாருன்னு கேட்டுட்டு அப்புறம் அட்மிட் பண்ணுங்க. லிங்க்கை பெற்றோர் குரூப்ல மட்டும் போடுங்க. புள்ளைங்க ஸ்கிரீன் ஷேர் பண்ற வசதியை ஹோஸ்ட் செட்டிங்ல நிறுத்தி வைங்க. இது நாலும் பண்ணா வெளியாளு நுழைஞ்சு கலாட்டா பண்றது பெரும்பாலும் நின்னுடும்.

கரும்பலகைக்கு பதிலா

கணக்கு, சயின்ஸ், தமிழ் இலக்கணம் எதுவா இருந்தாலும் எழுதிக் காட்டாம முடியாது. பேனா மவுஸ் டேப்லெட் எல்லாம் வாங்கணும்னு அவசியமே இல்ல. நிறைய டீச்சருங்க பண்ணது இதுதான், நானும் ஒன்றரை வருஷம் இதுலதான் எடுத்தேன். ஃபிரிட்ஜ்ல காய்கறி டிரேக்கு மேல ஒரு கண்ணாடித் தட்டு இருக்கும்ல, அதை எடுத்து நல்லா தொடைச்சுக்கோங்க. ஒரே உயரத்துல ரெண்டு டப்பா, அரிசி பருப்பு போட்டு வச்ச டப்பாவா இருந்தா நகராது, அதை மேஜைல ரெண்டு பக்கமும் வச்சு மேல தட்டை வைங்க. தட்டு மேல போனை படுக்க வச்சு பின்பக்க கேமரா கீழ பாக்கற மாதிரி வைங்க. தட்டுக்கு அடியில நோட்டு. நீங்க எழுத எழுத கையும் எழுத்தும் அப்படியே புள்ளைங்களுக்கு தெரியும். டப்பாவோட உயரம் ஒரு ஜாணுக்கு கொஞ்சம் மேல இருந்தா ஒரு பக்கம் முழுசா பிடிக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது சிலது. டியூப் லைட் நேரா தலைக்கு மேல இருந்தா போனோட நிழலும் உங்க நிழலும் தாள் மேல விழும், அதனால ஜன்னல் பக்கமா, வெளிச்சம் இடது கைப் பக்கத்துல இருந்து வர்ற மாதிரி உக்காருங்க, அப்பதான் எழுதற கையோட நிழல் எழுத்து மேல விழாது, இடக்கை பழக்கம்னா அப்படியே மாத்திக்கோங்க. கோடு போட்ட நோட்டு வேணாம், கோடு போடாத வெள்ளைத்தாள். பால் பாயிண்ட் பேனா புள்ளைங்க சின்னப் போன்ல முடி மாதிரி தெரியும், ஸ்கெட்ச் பேனா இல்ல போர்டு மார்க்கர் எடுங்க. ஒரு எழுத்து உங்க கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கணும், ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு வரிதான். எழுதி முடிச்சதும் கையை எடுத்துட்டு பத்து எண்ணுங்க, அப்பதான் அவங்க காப்பி பண்ணுவாங்க.

முகத்தைக் காட்டிப் பேசும்போது முன் கேமராவுல உங்க பின்னாடி இருக்கற சார்ட் எழுத்து உங்களுக்கு கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலமா மாறி தெரியும். பயப்படாதீங்க, அது உங்களுக்கு மட்டும்தான் அப்படி, புள்ளைங்களுக்கு நேராத்தான் தெரியும். நான் முதல் நாள் இதை சரி பண்ணவே கால் மணி நேரம் போராடினேன்.

சத்தம்தான் படத்தை விட முக்கியம். படம் விட்டு விட்டு வந்தாலும் குரல் தெளிவா இருந்தா புள்ளை சமாளிச்சுக்கும். வயர் வச்ச இயர்போன் போதும், ஆனா அதோட மைக் துப்பட்டாவுலயோ செயின்லயோ உரசினா அந்தப் பக்கம் கரகரன்னு காதைக் கிழிக்கும், உங்களுக்கு அது கேக்கவே கேக்காது. ஒரு ஹேர் கிளிப் போட்டு மைக்கை காலர் பக்கம் நிறுத்திடுங்க. ஃபேனை நிறுத்த முடியாது நம்ம ஊர்ல, ஆனா நேரா ஃபேனுக்கு அடியில உக்காராம ஓரமா தள்ளி உக்காருங்க. ரெண்டு போன்ல சேர்ந்தா, அதாவது முகத்துக்கு ஒன்னு நோட்டுக்கு ஒன்னு, ரெண்டாவது போன்ல மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் முழுசா ஆஃப் பண்ணணும், இல்லாட்டி ஊய்ய்னு ஊளை சத்தம் கிளம்பும்.

முடிஞ்சா முதல் கிளாஸுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுப் புள்ளையோட பழைய போன்ல உங்க கிளாஸை நீங்களே சேர்ந்து பாருங்க. உங்க போன்ல பளிச்சுன்னு இருந்தது அதுல எப்படி இருக்குன்னு பாத்தா எழுத்தை தன்னாலேயே பெருசாக்கிடுவீங்க.

"புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க

இதைத்தான் நான் எல்லாத்துலயும் பெருசா நினைக்கறேன். கிளாஸ் ரூம்ல புரியலன்னா முகம் சொல்லிடும். மூனாவது பெஞ்சுல ஒருத்தன் பேனாவை வாயில வச்சிட்டு போர்டையே பாத்துட்டு இருந்தா நமக்கு தெரியும், இன்னொரு தடவ சொல்லுவோம். ஆன்லைன்ல அது போயிடுது. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா நாலு பேர் "புரிஞ்சுது டீச்சர்"னு சொல்லுவாங்க, எப்பவும் அதே நாலு பேரு, மத்தவங்க சத்தமே வராது, நாமளும் அடுத்ததுக்கு போயிடுவோம்.

அதுக்கு பதிலா விடையிலயே தப்பு தெரியற மாதிரி ஒரு கேள்வி கேளுங்க. எனக்கு ஏழாவதுல முழுக்கள் பாடம். −8 − (−3) எவ்வளவுன்னு எழுதிக் காட்டுவேன். "எல்லாரும் நோட்டுல போடுங்க, விடையை சாட்ல டைப் பண்ணி வச்சுக்கோங்க, யாரும் இப்ப அனுப்பாதீங்க, நான் மூனு எண்ணுவேன், அப்ப எல்லாரும் ஒன்னா அமுக்குங்க"ம்பேன். இல்லாட்டி ஒருத்தன் போட்டதை பாத்து மத்தவங்க அதையே போடுவாங்க. மூனு சொன்னவுடனே சாட்ல கடகடன்னு விழும். −5னு போட்டவங்க சரி. −11னு போட்டவங்க அந்த ரெண்டாவது மைனஸை பாக்கவே இல்ல, 8ஐயும் 3ஐயும் கூட்டிட்டாங்க. வெறும் 11னு போட்டவங்க "மைனஸ் மைனஸ் பிளஸ்"னு மனப்பாடம் பண்ணதை பெருக்கல்ல போடற மாதிரி இங்க மொத்தமா போட்டுட்டாங்க, இவங்கதான் எப்பவும் நிறைய பேரு. 5னு போட்டவங்க கழிச்சிட்டாங்க ஆனா எது பெரிய எண்ணோ அதோட குறியை போட மறந்துட்டாங்க. முகத்தைப் பாக்காமலே எந்தப் புள்ளை எந்த இடத்துல தடுக்கி நிக்குதுன்னு அந்த ஒரு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு. அப்புறம் "11னு போட்டவங்க மேல தப்பு இல்ல, நிறைய பேருக்கு வர்ற இடம்தான் இது, வாங்க எண்கோட்டுல நடந்து பாப்போம்"னு சொல்லிட்டு அந்த ஒன்னை மட்டும் திரும்ப எடுப்பேன். பேரைச் சொல்லி இவன் தப்பா போட்டான்னு சொல்லவே கூடாது, வீட்ல பக்கத்துல அப்பாவோ பாட்டியோ கேட்டுட்டு இருப்பாங்க, அந்தப் புள்ளை அடுத்த நாள் டைப் பண்ணவே பண்ணாது.

தமிழ் டீச்சர்னா சந்திப்பிழை இருக்கற ஒரு வரியையும் இல்லாத வரியையும் குடுத்து எது சரின்னு ஒன்னு ரெண்டு போடச் சொல்லலாம். சயின்ஸ்னா அடுத்து என்ன நடக்கும்னு யூகம் கேக்கலாம். உங்க பாடத்துல புள்ளைங்க வழக்கமா எங்க தப்பு பண்ணுவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும், அதை வச்சு முந்தின நாளே மூனு கேள்வி எழுதி வச்சுக்கோங்க. கிளாஸ்ல உக்காந்து யோசிச்சா வராது.

அவங்க நோட்டுல போடற நேரத்துல நீங்க பேசாதீங்க. அந்த அஞ்சு நிமிஷ அமைதி ரொம்ப கஷ்டமா இருக்கும், லைன் கட்டாயிடுச்சோன்னு தோணும், ஏதாவது பேசி ரொப்பணும்னு வாய் துடிக்கும். பேசாம இருங்க. "நான் இங்கதான் இருக்கேன், நானும் போடறேன்"னு ஒரு தடவ சொல்லிட்டு நீங்களும் தட்டுக்கு அடியில மெதுவா அதே கணக்கை போடுங்க.

ராத்திரி போன் கிடைக்கற புள்ளைக்கு

கிளாஸை ரெக்கார்ட் பண்ணி அப்படியே அனுப்பினா யாரும் பாக்க மாட்டாங்க, டவுன்லோடே ஆகாது. தினமும் 1.5 ஜிபி போடற ரீசார்ஜ்ல அப்பா வேற யூஸ் பண்ணி மிச்சம் இருக்கறதுலதான் புள்ளை பாக்கணும். நான் என்ன பண்ணேன்னா, கிளாஸ்ல எழுதின ரெண்டு மூனு பக்கத்தை போட்டோ எடுத்து, ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழ ஒன்னரை நிமிஷ வாய்ஸ் மெசேஜ். "முதல் படத்துல ரெண்டாவது வரியைப் பாரு, அங்க ஒரு மைனஸ் வட்டம் போட்டிருக்கேன் பாரு" அப்படின்னு விரலால தொட்டுக் காட்டற மாதிரி பேசணும். வீடியோவுக்கு ஆகற டேட்டாவுல ரொம்ப சின்ன பங்குதான் இதுக்கு ஆகும், ஒரு தடவ இறங்கிட்டா நெட் இல்லாமலே எத்தன தடவ வேணும்னாலும் கேக்கலாம். அந்த லோடு ஆட்டோ அண்ணன் வீட்டுப் பையன் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புவான், ஓரத்துல அவங்க அப்பா சாப்பிட்ட தட்டு தெரியும். வருஷக் கடைசி வரைக்கும் ஒரு நாள் கூட விடல அவன்.

நம்ம பாடப் புத்தகத்துல க்யூஆர் கோடு இருக்கு, தீக்‌ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்தோட வீடியோ வரும். எல்லாத்தையும் பாரு பாருன்னு சொல்லாதீங்க, நீங்க முதல்ல பாத்துட்டு எது நல்லா இருக்கோ அந்தப் பக்கத்தை மட்டும் சொல்லுங்க.

போனே இல்லாத புள்ளைக்கு

இங்க டெக்னாலஜி எதுவும் இல்ல, நடக்கணும், பேசணும், அவ்வளவுதான். நோட்டைப் பாத்து ஒரே தெருவுல இருக்கற புள்ளைங்களை ஜோடி சேத்து விடுங்க, ரெண்டு வீட்லயும் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு. பட்டன் போன் இருந்தா வாரத்துக்கு ரெண்டு நாள் நீங்களே கூப்பிட்டு பத்து நிமிஷம் பேசுங்க, புத்தகத்தை திறந்து வச்சுக்கச் சொல்லி பக்கம் சொல்லி எடுத்தா கணக்கு கூட போன்ல எடுக்க முடியும், நான் எடுத்திருக்கேன். ஒர்க் ஷீட்டை ஜெராக்ஸ் கடையில குடுத்து வச்சுட்டா அவங்க வீட்ல யாராவது வந்து வாங்கிட்டுப் போவாங்க. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சது, டிவி இருக்கற வீட்டுக்கு அது பெரிய துணையா இருந்துச்சு, ஆனா டிவி பாத்தா மட்டும் போதாது, பாத்ததைப் பத்தி யாராவது ஒரு கேள்வி கேக்கணும், அந்த யாராவது நீங்களா இருங்க. அப்புறம் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப தெருவுக்குள்ளயே தன்னார்வலர்கள் வந்து சாயங்காலம் சொல்லிக் குடுத்தாங்க, அது வரைக்கும் நாமதான் பாத்துக்கிட்டோம்.

ஹோம் ஒர்க்

எல்லாரையும் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா ஒரே நாள்ல உங்க போன் நின்னுடும். ரோல் நம்பரை மூனா பிரிச்சு திங்கள், புதன், வெள்ளின்னு ஒவ்வொரு கூட்டமா அனுப்பச் சொல்லுங்க. பக்கத்தோட மேல ரோல் நம்பர் இருக்கணும், ஒரு போட்டோவுக்கு ஒரு பக்கம், ஜன்னல் பக்கம் வச்சு நேரா எடுக்கணும். வாட்ஸ்அப்லயே போட்டோவைத் திறந்து சிவப்புல கிறுக்கற வசதி இருக்கு, அதுல டிக் போட்டு தப்பு இருக்கற இடத்துல ஒரு வட்டம் போட்டு திருப்பி அனுப்புங்க. எல்லாக் கணக்கையும் திருத்த வேணாம், ஒன்னை மட்டும் முழுசா திருத்துங்க. புள்ளைக்கு அந்த சிவப்பு வட்டம் வந்தா டீச்சர் என் நோட்டை பாத்தாங்கன்னு ஒரு நிம்மதி, அதுக்காகவே அடுத்த நாள் எழுதும்.

காப்பி அடிக்கறதைத் தடுக்க கேமராவை ஆன் பண்ணி உக்காருன்னு கட்டாயப்படுத்தறதை விட இது சுலபம்: கணக்குல அவங்கவங்க ரோல் நம்பரை போடச் சொல்லுங்க. "−20 − (−உன் ரோல் நம்பர்) எவ்வளவு?" ரோல் நம்பர் 7க்கு −13 வரும், 31க்கு 11 வரும். பக்கத்து வீட்டுப் புள்ளைகிட்ட முறையைக் கேக்கலாம், விடையைக் கேக்க முடியாது. முறையைக் கேட்டா நல்லதுதானே.

கேமராவும் பாதுகாப்பும்

கேமரா ஆன் பண்ணச் சொல்லி கட்டாயம் பண்ணாதீங்க. ஒரே ரூம் வீட்ல அம்மா பின்னாடி துணி மடிச்சிட்டு இருப்பாங்க, தாத்தா படுத்திருப்பாரு, அந்தப் பொண்ணுக்கு அதை கிளாஸ்ல இருக்கற எல்லாருக்கும் காட்டப் பிடிக்காது. நோட்டை மட்டும் காட்டச் சொல்லுங்க, போதும். கிளாஸ் நடக்கற ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ்ல வைக்காதீங்க, அதுல புள்ளைங்க முகமும் பேரும் இருக்கு. எந்தப் புள்ளையோடவும் தனியா வீடியோ கால் பேசாதீங்க, பேச வேண்டியிருந்தா பெற்றோர் பக்கத்துல இருக்கணும், ராத்திரி புள்ளைக்கு தனியா மெசேஜ் போடக் கூடாது, பெற்றோர் இருக்கற குரூப்ல போடுங்க. 2021 மே மாசம் தமிழ்நாடு அரசு ஆன்லைன் வகுப்புகளை எல்லாம் பதிவு பண்ணி வைக்கணும்னு சொன்னது புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான், இது நம்மளையும் காப்பாத்தும். புள்ளை ஏதாவது கஷ்டத்துல இருக்குன்னு குரல்லயே உங்களுக்குப் பட்டா ஹெச்.எம்.கிட்ட சொல்லுங்க, அவசரம்னா குழந்தைகள் உதவி எண் 1098. கல்வி சம்பந்தமா கேக்கணும்னா 14417. இந்த ரெண்டு நம்பரையும் பெற்றோர் குரூப்ல முதல் நாளே போட்டுடுங்க.

லைன் கட்டானா

கட்டாகும். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்துவாங்க, அந்தத் தேதியை பேப்பர்ல பாத்து கிளாஸை முன்ன பின்ன மாத்திடுங்க. திடீர்னு போச்சுன்னா என்ன பண்ணணும்னு முதல் நாளே புள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க: "டீச்சர் லைன் போச்சுன்னா அன்னைக்கு எழுதின கணக்குக்கு அடுத்த கணக்கைப் போடுங்க, அஞ்சு நிமிஷத்துல வரலன்னா வெளிய போயிடுங்க, சாயங்காலம் வாய்ஸ் வரும்." நீங்க இல்லாதப்ப புள்ளைங்க மட்டும் உள்ள உக்காந்திருக்கறது சரியில்ல, அதனால இன்னொரு டீச்சரையும் சேத்து வச்சுக்க முடிஞ்சா சேத்துக்கோங்க.

தொண்டையை பாத்துக்கோங்க. கண்ணுக்கு முன்னாடி யாரும் இல்லாதப்ப நமக்கே தெரியாம கத்திப் பேசுவோம், ரெண்டே வாரத்துல எனக்கு குரல் கட்டிடுச்சு. மைக் இருக்கு, பக்கத்துல உக்காந்திருக்கற ஒரு புள்ளைகிட்ட பேசற மாதிரி பேசினா போதும், பக்கத்துல வெந்நீர் வச்சுக்கோங்க.

ஸ்கூல் திறந்த அப்புறம்

மழை லீவு ரெண்டு நாள்னா பரவாயில்ல, ஒரு வாரத்துக்கு மேல போச்சுன்னா திரும்பி வந்த முதல் நாளே "ஆன்லைன்ல எடுத்தாச்சே"ன்னு அடுத்த பாடத்துக்குப் போகாதீங்க. 2021 நவம்பர்ல புள்ளைங்க திரும்பி வந்தப்ப நான் முதல்ல கவனிச்சது அவங்க எழுதற வேகத்தை, மூனு வரி எழுதறதுக்குள்ள கையை உதறினாங்க. ஒன்றரை வருஷமா தினமும் கொஞ்சம் மட்டும் எழுதின கை. அதனால முதல்ல ஒரு பக்கம் எழுத வைங்க, சாட்ல கேட்ட அதே கேள்விகளை இப்ப நேர்ல கேளுங்க, யார் எங்க நிக்கறாங்கன்னு அந்த நீள நோட்டுல புள்ளை பேருக்கு நேரா பென்சில்ல குறிச்சுக்கோங்க. போர்ஷன் ஏன் இன்னும் ஆரம்பிக்கலன்னு ஹெச்.எம். கேட்டாங்கன்னா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்க.